யாரும் உதவவில்லை என்றவர்

செஞ்சி பேருந்து நிலையத்தில் அவலூர்பேட்டைப் பேருந்து புறப்படக் காத்திருந்தது. முன் இருக்கையில் ஒரு பெண் தம் தம்பியிடம் சொன்னார்: "ஊர்ல உனுக்கு வெச்ச பேனர்ல உன் மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துட்டாங்கடா. அந்த ஓட்டை வழியா இப்ப டீக்கடை தெரியுது."

தம்பி தொழில்முறைக் கபடி ஆட்டக்காரர் என்பதும், ஊரில் யாரும் தமக்கு உதவவில்லை என்று தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்துவிட்டார் என்பதும் அவர்கள் பேச்சிலேயே விளங்கின.

"கஷ்டப்பட்ட கதையா சொல்லுன்னு டீம்ல மீடியா பாக்குறவருதான்க்கா சொன்னாரு."

"அதுக்கு? டெய்லி டிராக்டர் லைட்டப் போட்டு உனுக்கு ஆட்டம் கத்துக் குடுத்தாரே மாஸ்டரு, அவரு இன்னா உன் எதிரியா? பேட்டியப் பாத்ததுலருந்து கிரவுண்டு பக்கமே வரல. பொண்ணுங்க டீமு இருட்டுல நின்னுட்டுத் திரும்பிப் போவுதுங்க."

"இப்ப நேரா அவரு வூட்டுக்குத்தான் போறேன். கால்ல வுழுந்துடறேன்."

"வூட்டுக்குள்ள வுழுந்தா யாருக்குத் தெரியும்? டிவில சொன்னத டிவிலயே மாத்திச் சொல்லு."

"பர்மிஷன் இல்லாம பேட்டி குடுக்கக் கூடாதுக்கா. கான்ட்ராக்டே போயிடும்."

"அன்னிக்கிப் பேசறப்ப, அவருக்கு இன்னா போவும்னு யோசிச்சியா?"

பேருந்து புறப்பட்டுச் சந்தைமேட்டைத் தாண்டியபின் தம்பி கைபேசியை எடுத்தார்.

"சார், இன்னொரு பேட்டி குடுக்கணும். ஆமா சார், எங்க மாஸ்டரப் பத்தி. இல்ல சார், நீங்க வேணாம்னாலும் பேசிடுவேன். சொல்லிட்டுப் பேசலாம்னுதான் கூப்ட்டேன்."