ஞாயிறு பத்து மணிச் செய்தி

தேசியக் கால்பந்து அணியின் மேலாளரைப் போல முற்றுப்புள்ளி வைத்துக் கைப்பேசிச் செய்தி அனுப்புகிற மனிதரை நான் வேறு பார்த்ததில்லை. பாடநூல் அச்சகத்தில் பதினாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். எனக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தன் கவனத்தில் இருக்கும் முப்பது ஆட்டக்காரர்களுக்கும் அவர் தனித்தனியாக எழுதுவார். கிளப் ஆட்டத்தில் அவர் கண்ட ஒன்று, இனி அவர் எதிர்பார்க்கும் ஒன்று, கடைசியில் ஒரு கேள்வி. சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். தொலைபேசியில் பேச மாட்டார். கிளப் கோச்சின் வேலையில் தலையிடக் கூடாது என்பதற்காக நேரில் போயும் நிற்க மாட்டார், ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி. தேசிய முகாமுக்கு அழைத்த பிறகுதான் முகம் பார்த்துப் பேச்சு. வாரா வாரம் கேள்வி கேட்பதால் பையன்கள் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் தம்பி அந்த முப்பது பேரில் ஒருவன். முன்களத்தில் ஆடுவான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே இல்லை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதைச் சொல்லி இரக்கம் கேட்க இதை எழுதவில்லை.

வாத்தியாரின் முதல் இரண்டு மூன்று செய்திகளை அவனே படித்தான். படித்துவிட்டு ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தான். தேசிய அணிக்கென்று கொடுத்திருந்த கைப்பேசியை ஒரு நாள் என் மடியில் போட்டான்.

"அக்கா, இத நீயே வச்சிக்க. எழுத்துல பாத்தா வாரம் பூரா அதுவே மண்டைக்குள்ள ஓடுது. நீ படிச்சு என்ன சாராம்சம்னு சொல்லு, நான் சொல்ற பதில எழுதிப் போடு."

"நான் என்னடா, உனக்குக் காரியதரிசியா?"

"இல்ல, கோனார் நோட்ஸ்," என்று சிரித்தான்.

ஆரம்பத்தில் ஒரு சொல்லைத்தான் எடுத்தேன். 'இரண்டு முறை சோம்பலாகத் திரும்பி ஓடினாய்' என்று எழுதியிருந்தார். சோம்பலாக என்பதை விட்டுவிட்டுச் சொன்னேன். பிறகு ஒரு வாரம் பாராட்டு வந்தது. 'இந்தப் பருவத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் முன்கள வீரன் நீ.' அதை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன். அடுத்த ஆட்டத்தில் அவனுக்குக் காலே எழும்பவில்லை. "உங்க தம்பி என்னம்மா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி நடக்கறான்," என்றார் கிளப் கோச்.

அப்படி ஆடியும் அடுத்த வாரம் வந்தது பாராட்டுத்தான். நான் அதைச் சொல்லவில்லை. "இது போதாதுன்னு எழுதியிருக்கார்டா," என்றேன். அவன் காலணியை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சனிக்கிழமை இரண்டு கோல் போட்டான்.

இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. பாராட்டினால் தளர்ந்தான், குறை சொன்னால் ஓடினான். எட்டு மாதத்தில் இருபத்திரண்டு ஆட்டம், பத்தொன்பது கோல். பத்திரிகைகள் அவனுடைய கிளப் ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அதை உருவாக்கியவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் நினைத்ததுமில்லை.

பதில்களையும் நானே எழுத ஆரம்பித்திருந்தேன். 'என்னிடம் எதையாவது கேட்க நினைக்கிறாயா?' என்று ஒரு வாரம் கேட்டார். 'இப்போது என் கவனம் கிளப்பில் இருக்கிறது' என்று எழுதினேன். அன்று மத்தியானம் தம்பி துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னான், "அந்தாளு நம்மகிட்ட ஒரு வார்த்த, என்னடா எப்படி இருக்கேன்னு கேட்டா கொறஞ்சா போயிடுவாரு?"

"பெரிய மனுஷங்க அப்படித்தான்," என்றேன். உண்மையில் அவர் நான்கு முறை கேட்டிருந்தார்.

மார்ச் மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தான். காய்ச்சல் விட்டதும் பயிற்சிக்குப் போனான், சனிக்கிழமை ஆட்டத்திலும் இறங்கினான். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான்.

"மூச்சு வாங்குதுக்கா. நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. கிளப் டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னா உன்ன வெளிய உக்கார வச்சிடுவாங்க. தேசிய அணிப் பட்டியல் வர்ற வாரம்டா."

"அதுவும் சரிதான்," என்றான். நான் சொன்னால் அவனுக்கு எப்போதும் சரிதான்.

மறுநாள் பத்து மணிக்கு வந்த செய்தியை முழுவதுமாக இங்கே எழுதுகிறேன். 'பந்து பக்கக்கோட்டிலிருந்து எறியப்பட்டபோது நீ குனிந்து நெஞ்சைப் பிடித்ததைப் பார்த்தேன். பட்டியலில் உன் பெயரை எழுதிவிட்டேன், அது மாறாது. புதன்கிழமை ஆட்டத்தில் இறங்காதே. நாளை திங்கட்கிழமை நம் மருத்துவர் உன்னைப் பார்க்கட்டும், நானும் அங்கே இருப்பேன். வருகிறாயா?'

அவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "வாத்தியார் என்ன சொல்றாரு?" என்றான்.

"புதன்கிழமை நேர்ல வந்து பாக்கறாராம். அதப் பாத்துட்டுத்தான் பட்டியலாம்."

பிறகு வாத்தியாருக்குப் பதில் எழுதினேன். 'கிளப் மருத்துவர் பார்த்துவிட்டார். வெறும் சளிதான். நீங்கள் சொன்னபடி புதன்கிழமை ஓய்வெடுக்கிறேன். முகாமில் சந்திக்கிறேன்.' அனுப்புவதற்கு முன் இரண்டு முறை படித்தேன்.

புதன்கிழமை எழுபத்தோராவது நிமிடம். பந்து எதிர்ப்பக்கம் இருந்தது. அவன் நடுக்கோட்டருகே தனியாக நின்றிருந்தான். யாரும் இடிக்கவில்லை. முழங்காலில் கை வைத்தான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர், "எந்திரிடா, நடிக்காத," என்று கத்தினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலில் இதயத்தசை வீங்கியிருந்தது, ஓய்வெடுத்திருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அவன் போன பத்தாம் நாள் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளம். காலணியை வாசலில் கழற்றிவிட்டு, கிழிந்த காலுறையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தன் கைப்பேசியைத் திறந்து என் பதிலை என்னிடமே காட்டினார்.

"ஓய்வெடுக்கறேன்னு எழுதியிருக்கான்மா. பாருங்க. இவ்வளவு தெளிவா யோசிச்சு எழுதுற பையன் எதுக்கு எங்கிட்டப் பொய் சொன்னான்?"

"பயந்திருப்பான் சார்," என்றேன்.

"என்னப் பாத்தா?"

நான் காப்பி போட எழுந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பதவியை விட்டு விலகினார். தன்னைக் கண்டால் பிள்ளைகள் பயந்து பொய் சொல்கிறார்கள் என்று காரணம் எழுதிக் கொடுத்ததாகச் செய்தியில் படித்தேன்.

விசாரணைக்குழுவினராகிய உங்கள் அறிக்கையில், ஆட்டக்காரர் தன் உடல்நிலையை மறைத்தார் என்று இருக்கிறது. அவன் எதையும் மறைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான். மேலாளரும் தம் கடமையைச் செய்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவனுடைய ஆட்டத்துக்காக என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, இனி ஆட்டத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை நான் படித்தேன். நெஞ்சைப் பிடித்தான் என்பதையும் படித்தேன். என் கண்ணை உறுத்தியது திங்கட்கிழமை என்ற சொல்தான். ஓர் அறையில் இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், எட்டு மாதமும் வெளியே வந்துவிடும். பிறகு அவன் அந்தக் கைப்பேசியைத் திருப்பிக் கேட்பான். முகாம் தொடங்குவதற்குள் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டியிருந்தது. புதன்கிழமை அவன் உட்கார்ந்தால் கிளப் மருத்துவர் காரணம் கேட்பார், பேச்சு வாத்தியார் வரை போய்விடும். அதற்காக அவனைப் புதன்கிழமை இறங்க விட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்குமுன் அவன் கம்பித் தடுப்பருகே வந்தான். உதடு வெளுத்திருந்தது. "வாத்தியார் வந்திருக்காராக்கா?" என்றான். மேல்மாடத்தில் சாம்பல் நிறச் சட்டையில் இருந்த யாரோ ஒருவரைக் காட்டி, "அதோ, உன்னத்தான் பாக்கறாரு," என்றேன். அவன் அந்த ஆளைப் பார்த்துக் கையை உயர்த்தினான், அவரும் உயர்த்தினார். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினான். எட்டு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுத்தவள் நான்தான், அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.