எலிக்கு ஊறிய எச்சில்

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் அக்காளும் தங்கச்சியும். மூத்தவள் பனியன் கம்பெனி டெய்லர், மடியில் தண்ணீர் பாட்டில். இளையவள் சென்னையில் ஆராய்ச்சி படிக்கிறாளாம்.

“எலிக்கு எச்சி ஊறிருச்சுங்கக்கா” என்றாள் இளையவள். இதைக் கேட்டபிறகு கையிலிருக்கும் பேப்பரை யார் படிப்பார்கள்?

“நெசமாவா கண்ணு?”

“உங்களுக்கு இருக்கற அதே சீக்குத்தானுங்க. உடம்பே தன்னோட எச்சி சுரப்பியப் புண்ணாக்கிப்போடும். மருந்து குடுத்தோம், மறுபடி ஊறுச்சு.”

“எனக்கு ஊசில நூல் கோக்கக்கூட எச்சி இல்ல. பாட்டில் தண்ணிலதான் நனைக்கறேன். சோறும் தண்ணியில்லாம எறங்கறதில்ல. அந்த மருந்து எப்பக் கெடைக்கும்?”

“மனுசருக்கு வர ரொம்ப வருசம் ஆகுமுங்க. வராமயும் போலாம்.”



“அந்த எலி இப்ப நல்லாருக்குதா?”

“இல்லீங்க. சுரப்பிய அறுத்துப் பாத்தாத்தான் முழுசாத் தெரியும். கொன்னாச்சு.”

அக்கா பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

“கொல்றதுக்கு முன்னால, தண்ணியில்லாம ஒரு வாய் திங்க உட்டீங்களா கண்ணு?”