மூன்றாவது பத்தி

பயோடேட்டாவுக்கு மேலே வைக்கும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ஐயா. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். தான் பிறந்ததில் ஆரம்பித்து தாத்தா வேலை பார்த்த இடம் வரைக்கும் எழுதுவார்கள். படிக்கிறவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். இரண்டாவது பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்? நான் புரட்டியதில்லை.

தம்பியைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்தவள் இதை ஏன் பேசுகிறாள் என்று பார்க்கிறீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள்தானே கேட்டீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருக்கிறேன். வேலை கேட்டு வரும் கடிதங்களை முதலில் படிப்பவள் நான். மூலையில் பென்சிலால் ‘கூப்பிடலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதி மேனேஜருக்கு அனுப்புவேன். அவர் கடிதத்தைப் படிக்க மாட்டார், என் பென்சிலைத்தான் படிப்பார். இத்தனை வருடத்தில் எத்தனை பேருடைய சோற்றில் என் பென்சில் பட்டிருக்கும் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் இருந்த கம்பெனியை இழுத்து மூடியபோது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று என்னிடம்தான் வந்தான். “நீயே எழுதிக் குடுக்கா. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும்” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்கும் எனக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவன் நடக்கவே பழகியிருக்கவில்லை. எனக்கு வந்த வரன்களை நானே தட்டிக் கழித்தேன். அதை ஒரு நாளும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவனுக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதல் கடிதத்தை உண்மையாகவே எழுதினேன். முதல் பத்தியில் எந்த வேலை என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் நீ செய்த ஒரு காரியம், படிக்கிறவர் கண்ணால் பார்ப்பது போல. மூன்றாவதில் ஏன் உங்கள் நிறுவனம், எப்போது வந்து பார்க்கலாம். அழக் கூடாது, கெஞ்சக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். இரண்டு இடத்துக்கு ஒரே கடிதத்தை மாற்றி அடித்ததில், மூன்றாவது பத்தியில் மட்டும் போட்டிக் கம்பெனியின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. ‘உங்களிடம் வேலை பார்ப்பது என் கனவு’ என்று இன்னொருத்தன் பெயரைச் சொன்னால் யார் கூப்பிடுவார்கள்?

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். “போக்கா, நீயும் உன் ஆபீசும்” என்றான். அந்த வேலை வெளியூர் வேலை. கிடைத்திருந்தால் அந்த வாரமே பெட்டி கட்டியிருப்பான். அதற்குப் பதிலாக அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சீட்டாடினோம். நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலில் அவன் செருப்பு ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாகக் கிடந்தது. தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், ஐயா. நீங்கள் குடும்பஸ்தர்.

அடுத்த கடிதத்தில் தவறு எதுவும் செய்யவில்லை. மூன்றாவது பத்தியில் ஒரு வரி சேர்த்தேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக எந்த வேலையானாலும், எந்தச் சம்பளமானாலும் ஏற்கத் தயாராக இருக்கிறேன்.’ இந்த வரி இருக்கும் கடிதத்தில் நான் யோசிக்காமல் ‘வேண்டாம்’ எழுதுவேன். எதையும் செய்கிறேன் என்பவனுக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம்.

“இது கொஞ்சம் கெஞ்சற மாதிரி இல்ல?” என்று கேட்டான்.

“அதுக்குப் பேர் பணிவுடா. உனக்கு என்ன தெரியும், பேசாம கையெழுத்துப் போடு” என்றேன். போட்டான். நான் சொன்னதை அவன் என்றைக்குத் தட்டியிருக்கிறான்?

அப்புறம் அவன் படிக்காமலே கையெழுத்துப் போட ஆரம்பித்தான். எனக்கும் கை பழகிவிட்டது. ‘மேலதிகாரிகளோடு ஏற்பட்ட மனக்கசப்புகளிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன்.’ ‘என் உடல்நிலை இப்போது பெருமளவு தேறிவிட்டது.’ ஒரு கடிதத்துக்கு ஒரு வரிதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. முதல் இரண்டு பத்தியில் மட்டும் நான் கை வைக்கவே இல்லை. அவனுடைய திறமையைக் குறைத்து ஒரு சொல் எழுத எனக்கு மனம் வராது.

பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் பெண் ஒருத்தியை அவன் விரும்பினான். நல்ல பெண். ஒரு தடவை வீட்டுக்கு வந்து, தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்ததும் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தாள். “அவளுக்கு நிச்சயமாயிடுச்சுக்கா” என்று ஒரு நாள் வந்து சொன்னான். என் மடியில் தலைவைத்துப் படுத்தான். சின்னப் பிள்ளையாக இருந்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், கால் மரத்துப்போன பிறகும் நான் அசையவில்லை.

அதன்பின் அவன் சவரம் செய்வதை விட்டான். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மக்கர் செய்தால் முன்பெல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது, “எனக்குத் தெரியாதுங்க, வேற ஆளப் பாருங்க” என்று கதவைச் சாத்தினான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தனை இடத்திலும் வேண்டாம் என்றதும், தனக்கு வேலை தெரியாது என்று அவனே நம்பிவிட்டான். அவன் கையைப் பிடித்து நான் என்ன சொல்ல முடியும்? எனக்கு நீ இருக்கிறாய், உனக்கு நான் இருக்கிறேன், போதாதா என்றேன். தலையாட்டினான்.

எல்லாம் கெட்டது மேல்மாடித் தையல்காரரால்தான். அவர் ஒரு நாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். மூச்சு முட்டுகிறவர், உள்ளே இருந்து கதவைத் தட்டினார். வேறு ஆளில்லை. தம்பி பனியனோடு ஓடிப் போய்த் திறந்தான். வெளியே வந்த மனுஷன் சும்மா போகாமல், “இதையே எழுதிப் போடுப்பா. வேற ஒண்ணும் வேணாம்” என்று சொல்லியிருக்கிறார். இவனும் எனக்குத் தெரியாமல் எழுதிப் போட்டுவிட்டான். என்னிடம் மறைத்து அவன் செய்த ஒரே காரியம் அதுதான்.

அந்தக் கம்பெனி மேலாளர் வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிட்டார். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். அவருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம், கடிதத்தை எனக்கே படித்துக் காட்டினார். ‘எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றது. உள்ளே வயதானவர் ஒருவர் இருந்தார். அவர் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே திறந்தேன். எனக்கு இந்த வேலை தெரியும்.’ அவ்வளவுதான் கடிதம். மூன்றாவது பத்தியே இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே ‘கூப்பிடலாம்’ எழுதியிருப்பேன்.

“நாளைக்கே வரச் சொல்லுங்கம்மா. வெளியூர்தான், தங்க எடம் நாங்களே குடுத்துடுவோம்” என்றார்.

“அவன் தவறிட்டான்” என்றேன். “போன வாரம். திடீர்னு.”

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை, ஐயா. கை பழகியதுபோல வாயும் பழகியிருக்கிறது. அவர், “அடடா” என்றார், அப்புறம் வீட்டு விலாசம் கேட்டார். சொன்னேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தம்பி பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “யாருக்கா போன்ல?” என்றான். ராங் நம்பர் என்றேன்.

விலாசம் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேலாளர் மலர்வளையத்தோடு வந்து நின்றார். நேரில் பார்க்காத ஒருவனுக்காக அவ்வளவு தூரம் வருகிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? கதவைத் திறந்தது தம்பி. அவர் அவனிடமே துக்கம் விசாரித்தார். “உங்களுக்கு அவர் என்ன வேணும்?” என்று கேட்டார். தம்பி மலர்வளையத்தில் கட்டியிருந்த அட்டையைப் படித்தான். அதில் அவன் பெயர் இருந்தது.

அவன் கத்தவில்லை. அவரை உட்காரச் சொன்னான். என்னை டீ போடச் சொன்னான். போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அப்போதுதான் கேட்டான்.

“நான் என்னைக்குக்கா செத்தேன்?”

நான் டீயை அவன் பக்கம் நகர்த்தினேன். “அப்ப அந்த லெட்டருங்க எல்லாம்?” என்றான்.

“உனக்காகத்தானேடா எழுதினேன்” என்றேன். அது உண்மை. டீயைத் தொடாமல், போட்டிருந்த சட்டையோடு அவருடைய காரில் ஏறிப் போய்விட்டான். செருப்பைக்கூட விட்டுவிட்டான். இப்போது அந்தச் செருப்பை வாசலில் ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாக நான்தான் போட்டு வைக்கிறேன்.

இதுதான் நடந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான் அப்படி வளர்க்கவில்லை. நீங்கள் எழுதிக்கொண்டது எல்லாம் சரிதான், ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன சொல்கிறீர்கள்? நேற்றே அவன் இங்கே வந்தானா? “நல்லா இருக்காரும்மா, வேலையில சேந்துட்டார், விலாசத்த மட்டும் அக்காகிட்ட சொல்லாதீங்கன்னு எழுதிக் குடுத்திருக்கார்” என்கிறீர்கள். அவனே எழுதினானா, யாராவது எழுதிக் கொடுத்தார்களா? சரி. தோளுக்கு மேல் வளர்ந்தவன். அவன் விலாசம் எனக்கு வேண்டாம், ஐயா. நான் போய் நிற்கவும் மாட்டேன்.

அந்தக் கம்பெனியின் விலாசத்தை மட்டும் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கிறான், அவனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வரி எழுதிப் போடுகிறேன். நல்லவிதமாகத்தான் எழுதுவேன்.