மஞ்சள் கோடு போட்ட நட்டுகள்

வீட்டு வாசலில் வண்டி வேலை பார்ப்பவர்கள் முதலில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துக்கொள்ள வேண்டும். சிமெண்டுத் தரை முதுகுக்கு ஆகாது. அறுபத்து மூன்று வயதில் இதைவிடப் பயனுள்ள அறிவுரை என்னிடம் இல்லை. ஆனால் இதைக் கேட்பதற்காக நீங்கள் என்னை இங்கே உட்காரவைக்கவில்லை. தெய்ன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அந்தத் தண்ணீர் பாட்டிலை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.

என் பெயர் உங்கள் தாளில் இருக்கிறது, வெர்ல் ஸ்டாகர். முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஓய்வு பெற்றபிறகு எங்கள் ஊர் ஜீப் குழுவுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நல்லது செய்வதற்கு யாராவது கேட்கும்வரை காத்திருப்பார்களா? மொத்தம் பதினான்கு விதிகள். பிளாஸ்டிக் உறை போட்டு இருபது குடும்பத்துக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். அதைப் பலர் குளிர்பானக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை, உறை போட்டது அதற்கும் சேர்த்துத்தான்.

அதில் ஏழாவது விதிதான் முக்கியம். நீங்கள் ஜீப்பில் பாறை ஏறும் ஆள் இல்லை என்று உங்கள் காலணியைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் விளக்குகிறேன். ஸ்லைடர் என்பது கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளவாக்கில் ஓடும் தடித்த இரும்புக் குழாய். வண்டி பாறையில் உட்கார்ந்துவிட்டால் கதவும் அடிப்பாகமும் நசுங்காமல் இந்தக் குழாய்மேல் சறுக்கிப் போகும். இதை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பற்றவைத்து ஒட்டலாம், அல்லது வீட்டிலேயே போல்ட்டு போட்டு மாட்டலாம். போல்ட்டு போட்ட ஸ்லைடரோடு யாரும் 'ஆட்டுப் படி' பாதைக்கு வரக்கூடாது. இதுதான் ஏழாவது விதி. போல்ட்டு என்றைக்கிருந்தாலும் கழன்றுவிடும் என்பது என் கட்சி.

தெய்ன் பேகட் இரண்டு வருடத்துக்கு முன் சால்ட் லேக் நகரத்திலிருந்து இங்கே குடிவந்தான். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. முப்பத்து நாலு வயது. நல்ல பையன் என்று ஊரே சொன்னது, நானும் மறுக்கவில்லை. பனிக்காலத்தில் நான் எழுந்திருப்பதற்குள் என் வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விடுவான். கேட்காமல் உதவி செய்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

மார்ச் மாதக் கூட்டம் வழக்கம்போலத் தேவாலயக் கூடத்தில் நடந்தது. தெய்ன் எழுந்து நின்றான்.

"வெர்ல் பிரதர், கோவிச்சுக்காதீங்க. அந்த ஏழாவது விதி மட்டும் கொஞ்சம் பழசாயிடுச்சு. இப்ப வர்ற போல்ட்டெல்லாம் அப்படி இல்ல. சொன்ன அளவுக்கு முறுக்கி, நூறு மைல் ஓடினதும் இன்னொரு தடவ முறுக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

"ஆயிடுச்சுன்னா?" என்றேன்.

"ஆயிட்டா, நீங்க சொன்னது சரின்னு ஒத்துக்கறேன். எல்லாருக்கும் ஐஸ்கிரீமும் வாங்கித் தர்றேன்."

கூடம் சிரித்தது. பிறகு வாக்கெடுப்பு. விதியை எடுத்துவிடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள், வீட்டுக்கு ஒரு கை. பத்தொன்பது கைகள் எழுந்தன. இருபதாவது என் வீட்டுக் கை, அதை நான் மடியில் வைத்திருந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி டார்லாவும், கணக்கில் சேராது என்று தெரிந்தும், பின்னல் ஊசி பிடித்த கையைத் தூக்கியிருந்தாள். ஊசி நுனியில் ஊதா நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். ஒரு குழாய்க்காக உம்முன்னு வராதீங்க."

நான் உம்மென்று இல்லை. எனக்கு வலித்தது. முப்பத்தொரு வருடம் நான் சொன்னால் சுரங்கமே நிற்கும். இப்போது என் பேச்சை ஊதா நூல்கூட மதிக்கவில்லை. அந்த வலியைத்தான் நீங்கள் உங்கள் தாளில் 'முன்விரோதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய வார்த்தை, இருந்துவிட்டுப் போகட்டும்.

மே மாதம் தெய்ன் வீட்டுக்கு இரண்டு நீளப் பெட்டிகள் வந்தன. அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"பிரதர், நாளைக்குக் காலைல ஸ்லைடர் மாட்டப் போறேன். நீங்க கூட நின்னா எனக்குத் தெம்பா இருக்கும்."

"போல்ட்டு வேலைக்கு நான் எதுக்குப்பா? நீதான் அதுல மேதை."

"நீங்க பாத்துச் சரின்னு சொல்லிட்டா ஊரே நம்பும்ல?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. போனேன்.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. ஸ்லைடரை ஜாக்கியின் மேல் வைத்துச் சேஸிஸ் உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு எட்டு போல்ட்டு. எட்டையும் முதலில் விரலால் மட்டும் திருகிவிட்டு, குழாய் நேராக நிற்கிறதா என்று பார்த்தபிறகு, அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அந்த ஸ்பேனரில் திருகி வைத்தால், அது வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். தெய்ன் இடது பக்கம் படுத்து எட்டையும் முறுக்கினான். எட்டு டிக். பிறகு வண்டிக்கு அடியிலேயே ஸ்பேனரை என்னிடம் தள்ளிவிட்டான். வலது பக்கம் என்னுடையது.

நான் ஸ்பேனரின் அளவை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். அந்த அளவில், விரலால் திருகிய நட்டுகூட டிக் சொல்லும். எட்டு டிக் கேட்கவைத்தேன். அளவை மறுபடி பழைய இடத்துக்கே ஏற்றி வைத்தேன். எடுத்த பொருளை எடுத்தபடியே திருப்பித் தர வேண்டும் என்பது என் வளர்ப்பு.

பிறகு மஞ்சள் கோடு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முறுக்கி முடித்தவன் பெயிண்ட் பேனாவால் நட்டின்மேலும் பக்கத்துத் தகட்டின்மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பான். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு போட்ட நட்டில் இன்னொருவன் ஸ்பேனர் வைக்க மாட்டான். வைத்தால் கோடு போட்டவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எட்டு நட்டுக்கும் அழகாகக் கோடு போட்டேன். என் கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். நீங்கள் எடுத்த நட்டுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அளவுகோல் வைத்தாற்போல் இருக்கும்.

தெய்னின் மனைவி ஜனீல் குளிர்ந்த கோலாவில் தேங்காய்ச் சாறும் பாலாடையும் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாம் இறுகிடுச்சா? இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன்."

"வெர்ல் பிரதரே கோடு போட்டிருக்காரு. இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது?" என்றான் தெய்ன்.

இவ்வளவு மரியாதை தெரிந்தவன் மார்ச் மாதம் ஏன் எழுந்து நின்றான் என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டுப் படிக்குப் போனோம். வீட்டிலேயே வேலை பார்ப்பவன் என்பதால் வாரம் முழுக்க அவன் வண்டி கடைத்தெருவைத் தாண்டவில்லை. நூறு மைல் ஆகவில்லை, மறுபடி முறுக்கும் நாளும் வரவில்லை. ஆனால் ஊரிலிருந்து அங்கே பதினெட்டு மைல், தகரக் கூரைபோல நெளிநெளியான மண் பாதை. பத்தாவது மைலில் வாக்கி டாக்கியில் அவன் குரல் வந்தது.

"பிரதர், வலது பக்கம் ஏதோ கடகடங்குது. நிறுத்திப் பாக்கட்டுமா?"

முன்வண்டியில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு முயல் ஓடியது.

"பின்னாடி ஜாக்கியக் கட்டாம போட்டிருப்ப. அதான் ஆடுது. வா வா."

"அட ஆமா, கட்டல. நீங்க பெரிய ஆளு பிரதர்."

ஆட்டுப் படியில் இடது பக்கம் செங்குத்துச் சுவர், வலது பக்கம் அறுபது அடிப் பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். வலது ஸ்லைடரை அதன்மேல் சாய்த்து, அந்தக் கல்லையே பிடிமானமாக வைத்து வண்டியைத் திருப்ப வேண்டும். ஓட்டுகிறவனுக்கு அந்தக் கல் தெரியாது. அதனால் ஒருவர் முன்னால் நின்று கையால் வழி காட்டுவார். ஓட்டுகிறவன் பாதையைப் பார்க்கக் கூடாது, அந்தக் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். வழிகாட்டும் கை அன்றும் என்னுடையதுதான்.

பற்றவைத்த ஸ்லைடர் போட்ட மூன்று வண்டிகள் சிக்கலில்லாமல் போயின. தெய்ன் வந்தான். நான் ஜன்னல் பக்கம் போனேன்.

"ஜனீல், நீ இறங்கி அந்த மேட்டுல நின்னு படம் எடும்மா. இங்க படம் நல்லா வரும்."

அவள் இறங்கினாள். தெய்ன் மெதுவாக ஏறினான். தலையை வெளியே நீட்டி, "சரியா வர்றேனா பிரதர்?" என்றான்.

"சரியாத்தான் வர்ற. இன்னும் கொஞ்சம் வலது."

கல்லின்மேல் சாய்ந்தான். வண்டியின் எடை குழாய்மேல் இறங்கியது. மிச்சமிருந்த போல்ட்டுகள் வரிசையாக விட்டுக்கொடுத்தன, கிட்டத்தட்ட மரியாதையாக. குழாய் தனியே கழன்று விழுந்தது, வண்டி அரையடி இறங்கியது, பிறகு சாய்ந்தது. அவன் கடைசிவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழிகாட்டுகிறவனின் கையைவிட்டுக் கண் எடுக்கக் கூடாது என்பது மூன்றாவது விதி. அவன் அதை மீறவில்லை.

சாவு வீட்டுக்கு டார்லா பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு செய்து எடுத்து வந்தாள், எங்கள் ஊரில் எல்லாச் சாவுக்கும் போகிற அதே பதார்த்தம். ஜனீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் என்னை இறங்கச் சொல்லலன்னா நானும் போயிருப்பேன் பிரதர்" என்று அழுதாள். அவள் நன்றி சொன்னபோது நானும் அழுதேன். நடிப்பு என்று எழுதாதீர்கள். அவனுக்காக எனக்கு வருத்தம்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டம். "வெர்ல் சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று தலைவர் ஆரம்பித்தார். ஏழாவது விதி திரும்ப வந்தது. இருபது கைகள், அதில் ஒன்று ஜனீலுடையது. டார்லா இந்த முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

நீங்கள் அந்த மண் பாதையை நடந்தே தேடி, மஞ்சள் கோடு போட்ட ஐந்து நட்டுகளைப் பொறுக்கி வந்திருக்கிறீர்கள். பொறுமைசாலி. மூன்றில் மரை தேயாமல் இருக்கிறது, முறுக்கியதற்கான தடமே இல்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடது பக்கத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். பள்ளத்திலிருந்து வண்டியைத் தூக்கும்போது கிரேன் கொக்கியை இடது ஸ்லைடரில்தான் மாட்டினார்களாம். தெய்ன் முறுக்கிய அந்த எட்டு போல்ட்டும் முழு வண்டியையும் தாங்கி, ஒரு மயிரிழைகூட நகரவில்லையாம். ஒரு பக்கம் தாங்கிவிட்டது என்பதற்காக விதி பொய்யாகிவிடாது. வலது பக்கம் கழன்றதா இல்லையா? நான் கழலும் என்று சொன்னேனா இல்லையா?

கதவு நசுங்கட்டும் என்றுதான் செய்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும், எல்லாரும் பாடம் படித்துக்கொள்வார்கள் என்று. அப்போது நீங்கள் அலுத்துக்கொண்டு கேட்டீர்கள்: "கதவு நசுங்கறதுக்கு எதுக்குங்க அந்தப் பொண்ண இறக்கி விட்டீங்க?"

நியாயமான கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். கதவு நசுங்கியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். தெய்னும் சேர்ந்து சிரித்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரமே புதுக் கதவை வீட்டிலேயே மாட்டியிருப்பான். பத்தொன்பது கைகளும் அங்கேயேதான் நின்றிருக்கும். ஆகவே ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒருவர் போதும் என்று தெரிந்தபிறகு இரண்டு பேரை அனுப்பக் கூடாது என்பதால்தான் ஜனீலை இறக்கிவிட்டேன், பாதுகாப்பு அதிகாரி என்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.