இரண்டு சீட் காரும் எங்கள் ஷாமிளா பாஸும்

இந்த அஞ்சலிக் கூட்டத்தை நடத்தித் தரும் ஸஹாப்தீன் ஹாஜியார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் எங்கள் வாகனத் திருத்துநர் சங்கச் செயலாளர், டயர் கடை சுரேந்திரன் அவர்களே! மழையையும் பாராமல் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கும் தாய்மாரே, தோழர்களே! எஞ்சின் கட்டும் கஜேந்திரன் உங்கள் முன் கைகூப்பி நிற்கிறேன்.

அழ வந்தவர்கள் அழுங்கள். நானும் வீட்டில் அழுதுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் பெருமைதான் பேசுவேன். யாருடைய பெருமை? இந்தப் பலாங்கொடை பஸாரில், தொழில் தெரிந்த ஆண்களை மட்டுமே 'பாஸ்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்களை மாற்றிய மோட்டார் வயரிங் பாஸ், திருமதி ஷாமிளா நாகலிங்கம் அவர்களின் பெருமை!

கணவர் நாகலிங்கம் மறைந்தபோது அவருடைய வயரிங் கடை மூடப்படும் என்றுதான் ஊர் நினைத்தது. ஷாமிளா மூடினாரா? மூடவில்லை. வாகனம் வந்ததா? அதுவும் வரவில்லை! வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "பாஸ் எப்ப வருவாரு?" என்று, கையில் டெஸ்டரோடு நிற்கும் அவரிடமே கேட்பார்கள். "வந்துதான் நிக்கிறேன், என்ன வேலைன்னு சொல்லுங்க" என்பார். கேட்டவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஊர் பார்க்க ஒரு பெரிய வேலையைச் செய்து காட்டாவிட்டால் அந்தக் கடை நிலைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் இரத்தினபுரியில் ஓய்வு பெற்ற பொறியியலாளர் பஞ்சலிங்கம் ஐயா தமது பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தார். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஓட்டிய கார். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு நான் கட்டினேன். என் வேலையை நானே புகழக்கூடாது. ஆனாலும் நன்றாகவே கட்டினேன்! எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் மட்டும் ஷாமிளாவின் பொறுப்பு.

கராஜ் பக்கம் வராத உறவுகளுக்காகச் சொல்கிறேன். பொயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, பிளக்கில் நெருப்புப் பொறி விழச் செய்யும் சின்னச் சாமான். அந்தக் கார் பிறந்த நாளிலிருந்து அதுதான். ஷாமிளாவோ அதை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் சாமான் போட வேண்டும் என்றார்.

"பிள்ளை, எனக்குப் பொயின்ட்தான் வேணும். கார் அசலாக் கிடக்கட்டும்" என்றார் ஐயா.

"கிடக்கட்டும்னா பொயின்டே போதும்ங்கய்யா. ஓடணும்னா இதைப் போடுவோம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடுது. பொயின்ட் இடைவெளிய இன்னிக்கு வச்சா நாளைக்கு நிக்காது. அண்ணே புதுசா எஞ்சின் கட்டியிருக்காரு, கம்ப்ரஷன் கூடிருச்சு. பொறி பலமா விழணும்."

நான் விடுவேனா? "அது நடுரோட்டுல செத்துச்சுன்னா என்னம்மா பண்ணுறது?" என்றேன்.

"பழைய பொயின்டத் தட்டோட கழட்டி டிக்கில வச்சிருக்கேன். செத்தா மாட்டிக்கங்க."

மற்றக் கார்களுக்கு மாறாக, அந்தக் காரில் பெட்டரியின் பிளஸ் பக்கம்தான் காரின் உடம்பில் பூட்டியிருக்கும். அது தெரியாமல் சாமான் வாங்கியிருந்தால் சாவி திருப்பியதுமே கருகியிருக்கும். அதையும் பார்த்து, அதற்குத் தோதான சாமானையே கொழும்பிலிருந்து எடுப்பித்தார். "ஆயுத பூஜைக்கு மறுநாள் கார் மலையேறும். பொறி இல்லாம நின்னுச்சுன்னா கடை போர்டக் கழட்டிடுறேன்" என்று பஸார் கேட்கச் சொன்னார். அந்தத் துணிச்சல் நம்மில் யாருக்கு இருந்தது?

ஆயுத பூஜை வந்தது. காருக்கு மாலை போட்டோம். நம் செயலாளர் சுரேந்திரன் பக்திமான்! புதுச் சாமானுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே குழைத்த சந்தனமும் குங்குமமும் அப்பி, பத்திரமாக மூடிவிட்டார். டயர் ஒட்டுகிறவருக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன கவலை?

மறுநாள் பஸாரே கூடி நிற்கிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் எடுக்கவில்லை! "நான் அப்பவே சொன்னனான்" என்றார் ஐயா. "பொயின்டையே போடுங்க" என்றது கூட்டம். போர்டைக் கழற்ற ஒருவர் ஏணியே கொண்டு வந்துவிட்டார்! ஷாமிளா பதறினாரா? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பொறி கொண்டுவரும் கொயில் வயரைக் கழற்றி எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தார். நீலப் பொறி பாய்ந்தது.

"பொறி இந்தா இருக்கு. பிளக்குக்குப் போய்ச் சேரல. நடுவுல யாரோ குடிக்கிறாங்க" என்று மூடியைத் திறந்தார். உள்ளே சந்தனப் பொட்டு, ஈரம் காயாமல்! "சாமி மேல குத்தமில்லீங்க. யாரோ ஒரு பக்தருக்குக் கை தாராளம்" என்றார். உள்ளேயும் மூடியிலும் நன்றாகத் துடைத்து, மூடியைத் தேத்தண்ணிக் கடை அடுப்பில் சூடு காட்டி மாட்டினார். ஒரே திருப்பு! எடுத்தது பாருங்கள், என் எஞ்சின்!

மூடுபனிக்குள் ஐயாவும் ஷாமிளாவும் மலைப்பாதை வளைவுகள் எல்லாம் ஏறினார்கள். ஓர் இடத்தில்கூட இருமவில்லை. உச்சியில் ஐயா இறங்கி, சாவியை நீட்டி, "இறக்கத்துக்கு நீங்கள் ஓட்டுங்கோ, பாஸ்" என்றாராம். ஷாமிளா அந்தக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு பஸாருக்குள் வந்தபோது, ஓட்டோக்காரர்கள் "ஹரி ஷோக், அக்கே!" என்று சிங்களத்தில் பாராட்டி ஹோர்ன் அடித்தார்கள். அதன்பிறகு எம்பிலிப்பிட்டியவிலிருந்தும் ருவான்வெல்லையிலிருந்தும் வாகனம் வந்தது. நாகலிங்கத்தின் பெயர் இருந்த போர்டில் ஷாமிளாவின் பெயரும் ஏறியது.

அம்மா ஷாமிளா! பொயின்ட் மட்டம் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டையை இனி யாரோடு போடுவேன்? ஒரு வாரக் காய்ச்சல் உங்களைக் கொண்டு போகும் என்று யார் நினைத்தோம்? நெஞ்சு பொறுக்கவில்லையே!

அன்பர்களே! கடை இனி மூடத்தான் வேண்டும் என்று பஸாரில் பேச்சு நடக்கிறது. மூட விடமாட்டோம்! ஷாமிளாவோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்த ஜெயரூபி அதை நடத்துவார். வேலை அனுப்புவது சங்கத்தின் கடமை. இது வெறும் மேடைப் பேச்சு அல்ல. எம்பிலிப்பிட்டியவிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு வந்த வான் ஒன்று வெளியே ஸ்டார்ட் எடுக்காமல் நிற்கிறது. டிரைவர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் போகப் போவதில்லை.

ஜெயரூபி பாஸ், டெஸ்டரை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். மௌன அஞ்சலியை நாங்கள் சற்றுத் தள்ளி வைக்கிறோம். அந்த எஞ்சின் எடுக்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்போம்.