துக்க வருஷமும் சட்டத்தின் வருஷமும்

காளிகாட்டிலிருந்து வரும் ஆபீஸ் நேரத்து டிராமில் எனக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய இரண்டு தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி போய் இன்னும் வருஷம் திரும்பலை. அதுக்குள்ள அவன் ஆம்படையா வக்கீல் ஆத்துக்குப் போயிட்டு வந்துட்டா," என்றார் மூத்தவர். குரலில் கோபம் இல்லை.

"வாசப்படி தாண்டலாமோ அண்ணா?"

"கூடாதுதான். தம்பி வேலை பார்த்த கம்பெனிக் கிடங்குல, பாரம் தூக்கற சங்கிலி துருப்பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சே கம்பெனிக்காரா அதுல மூட்டையைத் தூக்கினா. அறுந்து அவன் தலைல விழுந்தது. அந்தக் கம்பெனி தொரை ஆத்துக்கே வந்து, 'துக்க வருஷம் கழியட்டும், அப்புறம் நஷ்டஈடு பேசலாம்'னார். நம்ம வழக்கத்தை மதிக்கறாரேன்னு நான் உருகிப்போயிட்டேன். அவ மட்டும் கதவுக்குப் பின்னாலேர்ந்து, 'கேஸ் போடச் சட்டத்துல எத்தனை நாள் இருக்குன்னு விசாரிங்கோ'ன்னா."

"எத்தனை நாளாம்?"

"அதே ஒரு வருஷம்தான். தாண்டினா அவளுக்கும் குழந்தைகளுக்கும் ஒண்ணும் கிடையாது."



"நாலு பேர் என்ன சொல்லுவா அண்ணா? யார் அவளை அழைச்சுண்டு போனது?"

"நான்தான். வண்டில ஏறறச்சே அவ தயங்கலை. நான்தான் யாராவது பார்க்கறாளான்னு தெருவை ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்."