ஊசி தாவாத மேடை

அந்தக் கல்லைத் தனியாகத் தூக்காதீர்கள், ஐயா. இருபத்தெட்டு கிலோ. இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முப்பது வருடம் ஆய்வுக்கூடத் தராசுகளைப் பழுதுபார்த்தவன் நான். பக்கத்தில் யாராவது தும்மினாலே முள் ஆடிவிடும். அதற்கு அடியில் என்ன வைக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ரெக்கார்ட் பிளேயருக்கும் அதே வைத்தியம்தான். மரப்பெட்டியில் கழுவிக் காயவைத்த மணல். மணல்மேல் பலகை. அதன்மேல் பாதியாக வெட்டிய ரப்பர் பந்துகள் மூன்று. நாலு வைத்தால் ஒன்று எப்போதும் பாரம் தாங்காமல் ஏமாற்றும். அதற்கும் மேலே இந்தக் கல்.

பக்கத்து அறையில் என் அண்ணன். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கை, போதாததற்கு மூச்சிழுப்பு. மரத்தளம் என்பதால் கைத்தடியால் தரையைத் தட்டிக் கூப்பிடச் சொன்னவனே நான்தான். தண்ணீருக்கு ஒரு தட்டு, கழிப்பறைக்கு இரண்டு, மூச்சு முட்டினால் மூன்று. பெரிய மனிதர் எல்லாவற்றுக்கும் மூன்றுதான் தட்டினார். பேப்பர் கீழே விழுந்தால் மூன்று. அலறியடித்துக்கொண்டு ஓடுவேன். "என்னடா, அசைஞ்சு அசைஞ்சு வர்றே?" என்பார். உடம்பெல்லாம் பற்றி எரியும், ஐயா.

என் மனைவி குழுப்பாட்டில் பின்வரிசைக்காரி. ஒரே ஒரு ரெக்கார்டில், இரண்டாம் பக்கத்தில், ஒரு வரி மட்டும் தனியாகப் பாடியிருக்கிறாள். அவள் போன பிறகு எனக்கு மிஞ்சிய குரல் அதுதான். போன மாதம் ஒரு மத்தியானம், சரியாக அந்த வரியில் மூன்று தட்டு விழுந்தது. ஊசி தாவி, வரியின் பின்பாதியைக் கீறிவிட்டது. ஓடிப்போய் நின்றேன்.

"ஃபேனைக் கொஞ்சம் குறைடா."

ரெக்கார்ட் கீறிவிட்டது என்று சொன்னேன்.

"செத்தவ பாட்டுதானே? அவ இருந்தப்பவே யார்டா கேட்டா?" என்று சிரித்தார்.

ஃபேனைக் குறைத்துவிட்டுப் போய் மணல் வாங்கினேன். கோபத்தில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் கோபக்காரன் மணலைக் கழுவிக் காயவைப்பானா?

நேற்றுக் காலை மேடை முடிந்தது. சோதிக்காமல் எந்த வேலையையும் நான் முடித்ததாகச் சொன்னதில்லை. சோதனைக்கு நிஜமான தட்டு வேண்டும். ஃபேனுக்குத் தட்டுகிற சோம்பல் தட்டு போதாது. அதனால் அவர் தலையணைப் பக்கத்தில் இருந்த இன்ஹேலரை எடுத்துவந்து, பிளேயர் ஓரமாகக் கல்மேல் நிமிர்த்தி வைத்தேன். அதிர்வு ஏறினால் முதலில் அது விழுந்துவிடும்.

பதினோரு மணிக்குத் தொடங்கியது. மூன்று தட்டு. மறுபடி மூன்று. படுத்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நடுவில் "தம்பி" என்று கூப்பிட்டார். எட்டு மாதத்தில் அதுதான் முதல்முறை. ஊசி அசையவில்லை. இன்ஹேலர் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் பாட வேண்டிய பாதி வரியைச் சுத்தமாகப் பாடினாள்.

காதில் விழவில்லையா என்று கேட்டீர்கள். விழாமல் என்ன? எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று மூன்றாகப் பதினோரு முறை. அப்போது எழுந்து போயிருக்கலாம் என்கிறீர்கள். போகத்தான் இருந்தேன். ஆனால் பன்னிரண்டாவது முறை இரண்டோடு நிறுத்திவிட்டார்.

இரண்டு என்றால் கழிப்பறைக்கு, ஐயா. அதற்காகப் பாட்டைப் பாதியில் நிறுத்துவார்களா?